தொண்டை கட்டிய குழாய்

ஆவரங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் கூரைமேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ரேடியோ குழாய்க்குத் தொண்டை கட்டிக்கொண்ட அந்தப் பங்குனி மாதம், எங்கள் ஊர் ஜனங்களில் ஒருத்தராவது ஆச்சரியப்பட்டார்களா என்றால் இல்லை. அவர்கள் பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

குழாய்க்குள் இருந்தது எங்கம்மா கோமதியின் குரல். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்தப் பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஒரு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, சங்கரன்கோவில் போகிறவர்களைச் சங்கரன்கோவிலுக்கும் தென்காசி போகிறவர்களைத் தென்காசிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். அந்தக் குரலை எங்கள் ஊர் கேட்கும், கேட்டால் கீழ்ப்படியும், அது அப்படியே பழகிப்போன ஒன்று. ஒருமுறை காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்த அம்மா, கோவில்பட்டி போர்டு மாட்டி நின்ற பஸ்ஸுக்குத் "தென்காசி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று சொல்லிவிட, தென்காசி ஜனம் முழுக்க ஏறி உட்கார்ந்தது, கோவில்பட்டி ஜனம் முழுக்க இறங்கி நின்றது, டிரைவர் போர்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு பேசாமல் தென்காசிக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

கேட்பாரற்ற சாமான்களும் அப்படித்தான். "மூன்றாம் நடைமேடையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பச்சை நிறக் குடை. உரியவர் தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்" என்று அம்மா மூன்று தடவை கூப்பிடுவாள். மூன்றாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால் அது சாமான் அறைக்குப் போய்விடும், அதற்கப்புறம் அடையாளம் சொல்ல ஒருத்தர் வரும்வரை கலெக்டரே வந்தாலும் வெளியே எடுக்க முடியாது. குடை, தூக்குவாளி, சம்பந்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிடா, ஒரு தடவை பெஞ்சில் தூங்கிப்போன ஒரு பெரியவர்கூட அங்கே இருந்திருக்கிறார். மறுநாள் மகள் வந்து, இடது காதின் பின்னால் இருந்த மச்சத்தைச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரியவருக்கும் அதில் ஒரு வருத்தமும் இல்லை.

நான் முப்பிடாதி, அந்த அம்மாவுக்கு ஒரே மகள், பதினாறு வயசு. எனக்கு எல்லார் குரலும் வரும். பஜ்ஜி கடை சுடலைவடிவு யக்கா, ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ், பால் குடிக்காத ஆட்டுக்குட்டி, ஸ்டார்ட் ஆகாத டவுன் பஸ், எது வேண்டுமோ கேளுங்கள். எங்கப்பா லாரியோடு வடக்கே போய் அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அவர் குரலை மட்டும் நான் செய்வதில்லை.

ஆனால் தில்லைநாயகம் அண்ணாச்சி குரல் இருக்கிறதே, அது எனக்கு அல்வா. பாதி மூக்கிலிருந்தும் பாதி சிகரெட்டிலிருந்தும் வருகிற குரல். பஸ் ஸ்டாண்டில் விளம்பரக் குத்தகையும் மைக் குத்தகையும் அவருடையது. அந்த ஜன்னல் இல்லாத அறையில் அம்மாவுக்கு எதிரே நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, "இந்தா ஒண்ணு பத்த வச்சுக்கிடுதேன் கோமதி, நீ பாட்டுக்குப் பேசு" என்று சொல்லி ஒன்று பற்றவைப்பார், அதன் நுனியிலிருந்து அடுத்ததைப் பற்றவைப்பார், அப்படியே வருஷக்கணக்காகப் பற்றவைத்தார். அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் அவள் முடியில் அண்ணாச்சி இருப்பார்.

ஒருநாள் மத்தியானம் அவர் சொன்னார்: "புது மைக் வந்திருக்கு கோமதி. டெஸ்டிங் பண்ணணும். எல்லா ஊர் பேரையும் ஒருக்கச் சொல்லு. அப்படியே நம்பரு, கிழமை, நெறம், பை, பெட்டி, குடை, நகை, சேதாரம், செய்கூலி, சேலை, தள்ளுபடி எல்லாத்தையும் சொல்லு. மைக்குக்கு எல்லாச் சத்தமும் புடிக்கான்னு பாக்கணும்லா?"

மைக்கில் பேசுகிற ஆளிடம் போய் டெஸ்டிங் என்று சொன்னால் மாட்டேன் என்று சொல்லவே வராது. அம்மா மூன்று மணி நேரம் உட்கார்ந்து, எங்கள் ஊர் பஸ் போகாத காசியையும் ராமேஸ்வரத்தையும்கூடச் சேர்த்து, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்ததுபோலச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த மாதம் அவள் தொண்டை கரகரத்தது. கஷாயத்துக்கும் கேட்கவில்லை, மாத்திரைக்கும் கேட்கவில்லை. அண்ணாச்சி ரொம்ப அன்பாக வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "தொண்டை போச்சே கோமதி. நீ வீட்டுல ரெஸ்ட் எடு. உன் குரலு இங்க இருக்கட்டும்."

அப்படித்தான் எங்கம்மா வீட்டிலும் அவள் குரல் பஸ் ஸ்டாண்டிலும் குடியிருக்க ஆரம்பித்தார்கள். டெஸ்டிங் என்று சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்த அந்தச் சொற்களை வெட்டி ஒட்டி, நகைக்கடைக்கு ஒன்று, ஜவுளிக்கடைக்கு ஒன்று என்று ஆட்டோவில் குழாய் கட்டி ஊர் ஊராக விட்டார் அவர். நாங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தெருவில் அம்மா போய்க்கொண்டிருப்பாள்: "சேதாரம் இல்லை, செய்கூலி இல்லை." அம்மா தண்ணீரை எடுத்துக் குடிப்பாள். நான் அண்ணாச்சி குரலில் ஏதாவது அசிங்கமாகச் சொல்வேன். அவள் சிரிக்க முயல்வாள், சிரிப்பு தகரம் உரசுவதுபோல வரும்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் ரெஜினா டாக்டரம்மா மூக்கு வழியாக ஒரு மெல்லிய லைட்டை விட்டுப் பார்த்தார், ஒரு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், பிறகு கூப்பிட்டுச் சொன்னார். குரல் நாண் ஒன்றின்மேல் அரிசி முனையளவுக்குப் புற்று. ஆரம்பம்தான். அண்ணாச்சியின் புகையைப் பற்றி நான் கேட்டேன். "அதுனாலதான்னு ஒரேயடியா சொல்ல முடியாதும்மா. ஆனா அது நல்லதும் இல்ல" என்றார். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம் போதுமாக இருந்தது. புகை அவருக்கு, புண் எங்கம்மாவுக்கு. நான் அந்தக் கணக்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டு முடித்துவிட்டேன்.

நாங்கள் திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அம்மா ஒரு தடவை இருமினாள்.

கூரைமேல் குழாயும் இருமியது.

"ராஜபாளையம் செல்லும்" என்று ஆரம்பித்து, கரகரத்து, தொண்டையைச் செருமி, "பேருந்து" என்று முடித்தது. சுடலைவடிவு யக்கா கரண்டியோடு அண்ணாந்து பார்த்து, "பாவம், கோமதிக்கு மேலுக்கு ரொம்ப முடியல போலுக்கு" என்றாள், அடுத்த பஜ்ஜியைப் போட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா வீட்டில் இருமினால் குழாய் பஸ் ஸ்டாண்டில் இருமும், அம்மா தண்ணீர் குடித்தால் குழாய் மடக்கென்று விழுங்கும், நகைக்கடை ஆட்டோ தெருவில் போகிறபோது "சேதாரம்" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கும். ஜனங்கள் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். டிரைவர்கள் குழாய் செருமி முடிக்கிறவரைக்கும் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். யாரோ ஏணி வைத்து ஏறி அதற்கு ஒரு மஃப்ளர் சுற்றிவிட்டார்கள், சித்திரை வெயிலிலும் அதை யாரும் அவிழ்க்கவில்லை. கீழே பனங்கற்கண்டுப் பொட்டலங்கள் குவிந்தன, எறும்புகள் வரிசையாகக் கூரைக்கு ஏறிப் போய் மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தன. சுடலைவடிவு யக்கா தாளிக்கிற நெடி மேலே போகக் கூடாதென்று அடுப்பை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். குழாய்க்கு அடியில் நின்று பீடி பற்றவைத்த ஒரு பையனை நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "ஏல, நோயாளிக்குக் கீழ நின்னு ஊதுதியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டார்கள்.

அம்மா அந்த அறைக்குள் இருந்த அத்தனை வருஷத்தில் ஒருத்தர் வாயிலும் வராத கேள்வி அது. நான் அதை எல்லார் குரலிலும் சொல்லிப் பார்த்தேன். யார் குரலிலும் அது எனக்கு ஆறவில்லை.

அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், ஒயரை மாற்றினார், மதுரையிலிருந்து புதுக் குழாய் கொண்டுவந்து மாட்டினார். புதுக் குழாய் இன்னும் புதுசாக இருமியது.

ரெஜினா டாக்டரம்மாவின் குரல் மெதுவானது, ஒவ்வொரு வார்த்தையையும் தட்டில் ஸ்பூன் வைப்பதுபோல வைப்பார். நாங்கள் அடுத்த தடவை போனபோது அவர் சொன்னதை அந்தக் குரலில் கேளுங்கள். "ரெண்டு வழி இருக்கு கோமதி. ரெண்டுலயும் குணமாகிற வாய்ப்பு ஏறக்குறைய ஒண்ணுதான். ஒண்ணு, வாய் வழியாவே லேசர் வச்சு அந்த இடத்த எடுத்துடுறது. ஒரு நாள் ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். நாண்ல கொஞ்சம் போகுறதால குரல் கரகரப்பா நின்னுடலாம். இன்னொண்ணு ரேடியேஷன், நீங்க கரண்ட் வைக்கிறதுன்னு சொல்வீங்க. வாரத்துல அஞ்சு நாள், சனி ஞாயிறு லீவு, ஆறேழு வாரம் தினமும் வரணும். நடுவுல தொண்டை புண்ணாகும், முழுங்க வலிக்கும். ஆனா பின்னால குரல் நல்லா வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. கரண்ட ஒரே இடத்துல பெரும்பாலும் ஒரு தடவைதான் வைக்க முடியும். திரும்ப வந்தா பெரிய ஆபரேஷனாப் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க."

இந்தச் சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, ஏனென்றால் டாக்டரம்மா அறையில் அம்மா கேட்ட கேள்விகளெல்லாம் பஸ் ஸ்டாண்டுக் குழாயிலும் கேட்டிருந்தன. முதல் நடைமேடை ஆபரேஷன் கட்சியானது, இரண்டாம் நடைமேடை கரண்ட் கட்சியானது. "கத்தி பட்டா பரவிரும்டே" என்று ஒருத்தர் சொல்ல, "ஒம்ம வாயிதான் பரவுது. டாக்டர் படிச்சவ, நீரு என்ன படிச்சீரு, பஸ் போர்டா?" என்று சுடலைவடிவு யக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாள். எங்கம்மா தொண்டையைப் பற்றிப் பேசாதவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று அம்மா. இன்னொன்று, மூன்றாம் நடைமேடையில் தனியாக நின்று யோசித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி.

அவர் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "கோமதி, கரண்ட் வச்சுக்கோ. தெனமும் கார் நான் அனுப்புதேன். குரலு பழையபடி வந்துரும்லா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா, உன் குரலு ஊரோட சொத்து."

"தொண்டை?" என்றாள் அம்மா.

"என்னது?"

"குரலு ஊருக்குச் சொத்து. தொண்டை யாருக்கு?"

அண்ணாச்சி பழத்தை வைத்துவிட்டு எழுந்தார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "ஆபரேஷன் பண்ணு. கரகரன்னு ஆவட்டும். அந்தக் குழாயும் ஆட்டோவும் அவரு நகைக்கடையும் எல்லாம் தகரம் மாதிரி கரகரன்னு ஆவட்டும். தெருவுல நிக்கட்டும் அந்த ஆளு."

அம்மா மட்டிப்பழச் சீப்பை என் பக்கம் தள்ளிவைத்தாள். "அவரு குரலப் பாத்து முடிவெடுக்காரு. நீ அவரப் பாத்து முடிவெடுக்க. ரெண்டு பேருக்கும் என்னட்டி வித்தியாசம்?" இருமினாள், தூரத்தில் குழாயும் இருமியது. "எனக்கு மட்டும் அந்தக் குரலு புடிக்காதா? உன் அப்பா போனப்பறம் வீட்டுல நான் கேட்ட ஒரே நல்ல சத்தம் அதுதான்."

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தெருவில் போய் நின்று, சுடலைவடிவு யக்காவின் போனில், ரெஜினா டாக்டரம்மா குரலில், ஒவ்வொரு வார்த்தையாக ஸ்பூன் வைத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"மிஸ்டர் தில்லைநாயகம், நோயாளி கோமதிதான். ஆனா அறிகுறி உங்க குழாய்ல இருக்கு. அதுக்கு ஆவி பிடிக்கணும். காலையிலயும் சாயங்காலமும். நீங்களே பிடிக்கணும், வேற ஆள் கூடாது."

"நானேவா டாக்டர்?"

"நீங்கதானே அது பக்கத்துல ரொம்ப வருஷம் இருந்தவர்?"

மறுநாள் காலையில் அண்ணாச்சி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கொதிக்கிற நொச்சித் தண்ணீர்ப் பானையும் தோளில் கம்பளியுமாக ஏணியில் ஏறினார். கம்பளியைத் தன் தலைக்கும் குழாய்க்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே நின்றார். அம்மா வீட்டில் தும்மினாள். கம்பளிக்குள் குழாய் அவர் முகத்துக்கு நேரே தும்மியது. கீழே நின்ற ஜனம் சிரிக்கவில்லை. பயபக்தியோடு பார்த்தது, "வேர்க்கட்டும், வேர்க்கட்டும்" என்றது. நாங்கள் திருநெல்வேலி பஸ் ஏற வந்தபோதும் அவர் மேலேதான் இருந்தார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்தது. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, சிரிக்காமல், எதையோ மனசில் முடிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டாள்: "நீங்க என் எடத்துல இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"நான் உங்க இடத்துல இல்லையே. உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க, அதுக்கு எது பொருந்தும்னு நான் சொல்றேன்."

அம்மா விரல்களைப் பின்னிக்கொண்டு யோசித்தாள். பிறகு, மைக் முன்னால் உட்காரும்போது நிமிர்வாளே, அப்படி நிமிர்ந்தாள். "எனக்கு நாப்பத்தி மூணு. இவளுக்குப் பதினாறு. இன்னும் ரொம்ப தூரம் போவணும். நீங்க சொல்லுதத வச்சுப் பாத்தா கரண்டு கடைசி பஸ்ஸு மாதிரி. அத முதல்லயே ஏறிட்டேன்னா, வழியில நின்னா பின்னால எனக்கு ஒண்ணும் இல்ல. ஆபரேஷன் முத பஸ்ஸு. இதுல ஏறுதேன். பஞ்சர் ஆச்சுன்னா இறங்கி நிப்பேன், பின்னால ஒண்ணு வரும்லா? குரலு..." விரலைத் தொண்டைமேல் வைத்தாள். "குரலு எப்படி வருதோ அப்படி வரட்டும். ஆனா அது எங்கூடத்தான் வரணும்."

டாக்டரம்மா தலையசைத்தார். "பொருந்துது" என்றார்.

வெளியே வந்து நான் குதித்தேன். "நான் சொன்னதுதானே!"

"நீ சொன்னதுக்காக இல்லட்டி. அவருக்கு வேற வச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

அவளுக்கு ஆபரேஷன் நடந்த காலையில் குழாய் நிம்மதியாகக் குறட்டை விட்டதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் நிசப்தம். ஒரு வாரம் போலப் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அம்மா பேசவில்லை, அதனால் ஊரில் ஒரு குழாயும் பேசவில்லை. நகைக்கடை ஆட்டோ ஊமையாக ஊர்வலம் போனது. பஸ்கள் கிளம்பாமல் நின்றன, ஏனென்றால் யாரும் கூப்பிடாமல் ஏறிப் பழக்கமில்லை எங்கள் ஊருக்கு. கல்யாணங்கள் முகூர்த்தம் தவறின, மாப்பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டிலேயே மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள், சம்பந்திகள் பஜ்ஜி வாங்கித் தின்றபடி அங்கேயே பேசி முடித்துக்கொண்டார்கள். ஊரே மெதுவான குரலில் பேச ஆரம்பித்தது. கட்டில் பக்கத்தில் பேசுகிற குரல் அது. அண்ணாச்சியின் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அவரைவிட்டு விலகினார்கள். அவர் மூன்றாம் நடைமேடையில், குழாய்க்கு நேர் கீழே, அண்ணாந்தபடி நின்றார், கழுத்து அந்த வாக்கிலேயே நின்றுவிடும்போல இருந்தது.

பேசலாம், மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு அம்மா மைக் அறைக்குப் போகவில்லை. நேராக மூன்றாம் நடைமேடைக்கு நடந்தாள், நான் பின்னால் போனேன், எனக்குப் பின்னால் ஊர் வந்தது. அண்ணாச்சியின் மனைவி செண்பகம் மைனியும் கோயில் கூடையோடு கூட்டத்தில் நின்றாள். அம்மா அண்ணாச்சிக்கு எதிரே நின்று, ஒரு குடையைப் பார்ப்பதுபோல அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

பிறகு வாயைத் திறந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். கூரைமேல் குழாயிலும், ஆட்டோவிலும், ஜவுளிக்கடை வாசலிலும், கோயில் கோபுரத்திலும் அது கேட்டது: ஆற்று மணலைச் சல்லடையில் அரித்ததுபோல ஒரு புதுக் குரல், கனமாக, கரகரவென்று, யாருக்கும் அவசரமில்லாமல்.

"பயணிகள் கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில், வெள்ளை வேட்டி, வலது கை விரலில் சிகரெட் கறை, தில்லைநாயகம் என்ற பெயருடன் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. உரியவர் தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

யாரும் அசையவில்லை. அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். "கோமதி, என்னம்மா இது..."

இரண்டாம் அழைப்பு. நகைக்கடைக்காரர் தன் செருப்பை ஆராய்ந்தார். எல்லாரும் செண்பகம் மைனியைப் பார்த்தார்கள். மைனி கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, கணவரை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் தொலையலியே" என்றாள்.

மூன்றாம் அழைப்பும் முடிந்தது.

"நான்தான்! நானே எனக்கு உரியவன்!" என்று அண்ணாச்சி கத்தினார். சாமான் அறைக்காரர் அவர் முழங்கையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு, "சாமானே சாமானக் கேக்கப்படாது அண்ணாச்சி, சட்டம் அப்படி" என்று கூட்டிப் போனார். எங்கள் ஊர் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிகிற ஊர் என்று நான் முதலிலேயே சொன்னேன். பச்சைக் குடைக்கும் ஒரு தூக்குவாளிக்கும் நடுவில் அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். சட்டைப் பொத்தானில் சீட்டு கட்டினார்கள். நேரத்துக்குச் சாப்பாடு போகிறது. அந்த அறைக்கும் ஜன்னல் இல்லை. சிகரெட் மட்டும் உள்ளே அனுமதி இல்லை, குடைகளுக்கு ஆகாது.

அம்மா மறுபடியும் வேலைக்குப் போகிறாள். அறையில் ஜன்னல் வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். குழாய்கள் இப்போது அவள் பேசினால் மட்டும் பேசும்; விளம்பரத்துக்கு அவள் ஒரு சொல்கூடக் கொடுப்பதில்லை. டாக்டரம்மா மாதாமாதம் லைட் விட்டுப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்கிறார், அம்மா அதைத் திருப்பிச் சொல்கிறாள், ஊரே குழாயில் கேட்டுவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறுகிறது.

நேற்று நான் ஸ்கூல் விட்டு வருகிற வழியில் சாமான் அறைக் கதவருகே நின்று, செண்பகம் மைனி குரலில், அந்தக் கோயில் கூடையைக் கையில் பிடித்ததுபோலவே பிடித்துக்கொண்டு, "அவரு எங்க வீட்டு ஆளுதான், அடையாளம் சொல்லுதேன்" என்றேன். உள்ளே தடதடவென்று ஒரு சத்தம். அண்ணாச்சி எழுந்து, வேட்டியை உதறி இடுப்பில் இறுக்கி, தலையை ஒதுக்கி, கதவுக்கு நேரே வந்து நிற்பது காதில் விழுந்தது. நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் நின்றார். ரொம்ப நேரம் கழித்து, குடைகள் சரிய, திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் வெந்நீரை ஆற்றிக் குடித்து முடித்தாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், பிறகு அந்தப் புதுக் குரலில், ரெஜினா டாக்டரம்மாவைப்போல ஒவ்வொரு வார்த்தையாக ஸ்பூன் வைத்துச் சொன்னாள். எனக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"வாரத்துல அஞ்சு நாள். சனி ஞாயிறு லீவு. ஆறேழு வாரம் அவருக்கு இத விடாமக் குடு. கரண்ட் வைத்தியம்தானே அவருக்குப் புடிச்சிருந்தது."